வாய்தாக் கணக்கு: வாசகர் கேள்விகள், வழக்கறிஞர் பதில்கள்

ஏழைகளும் நீதிமன்றமும் என்ற பொருளில் கேள்விகள் அனுப்புமாறு வாசகர்களைக் கேட்டிருந்தோம். ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கி, தனிப்பட்ட வழக்கு விவரங்களை நீக்கி, எட்டுக் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நீதிபதிகளின் எண்ணிக்கையை இரண்டு மடங்காக்கினால் வழக்குத் தேக்கம் தீரும், ஏழைக்கும் நீதி கிடைத்துவிடும் என்று எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு நண்பர் அடித்துப் பேசினார். அவர் சொல்வது சரிதானா? (ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)

பதில்: பாதி சரி. இந்தியாவில் 10 லட்சம் மக்களுக்கு 50 நீதிபதிகளாவது இருக்க வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது. அந்த இலக்கை ஐந்தாண்டுகளில் எட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002இல் உத்தரவிட்டது. ஆனாலும் இன்றைய எண்ணிக்கை அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. மாவட்ட அளவிலும் அதற்குக் கீழும் உள்ள நீதிமன்றங்களில் மட்டும் 4 கோடிக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருக்கின்றன. எனவே உங்கள் நண்பர் கேட்பது நியாயமான கோரிக்கைதான். ஆனால் நீதிபதி தனியாக வழக்கை நடத்துவதில்லை. சாட்சியத்தைத் தட்டச்சு செய்யச் சுருக்கெழுத்தர் வேண்டும், சம்மனைக் கொண்டுசேர்க்க ஆள் வேண்டும், அமர்ந்து விசாரிக்க ஒரு கூடம் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் புதிதாக வந்த நீதிபதியும் அதே வாய்தாவைத்தான் எழுதிக் கொடுப்பார்.

பாதி தவறு என்று நான் சொல்வது வேறொரு காரணத்தால். வழக்குத் தாமதத்தை மழை போல எல்லோர் மேலும் ஒரே மாதிரி பெய்வதாக நாம் பேசுகிறோம். அது அப்படிப் பெய்வதில்லை. நீதிமன்றத்துக்கு வருகிறவர்கள் இரண்டு வகை. காப்பீட்டு நிறுவனம், வங்கி, அரசுத் துறை போன்றவை ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான வழக்குகளை நடத்துபவை. அவற்றுக்கு ஒரு வாய்தா என்பது குமாஸ்தாவின் நாட்குறிப்பில் இன்னொரு வரி. வாழ்நாளில் ஒரே ஒரு முறை, அதுவும் வேறு வழியில்லாமல் நீதிமன்றப் படியேறும் கூலித் தொழிலாளிக்கோ அதே வாய்தா என்பது ஒரு நாள் கூலி, போகவரப் பேருந்துச் செலவு, முதலாளியிடம் கெஞ்சி வாங்கிய விடுப்பு. பத்தாவது வாய்தாவில் அவர் வராமல் போனால், வழக்கு அவருக்கு எதிராக ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிறது. அந்தத் தீர்ப்பும் புள்ளிவிவரத்தில் ‘முடிந்த வழக்கு’ என்றே பதிவாகும். தேக்கம் ஓர் எண் குறைந்திருக்கும். நீதி கிடைத்ததா என்பதை அந்த எண் சொல்லாது. இங்கிலாந்தின் உரிமைச் சாசனமான 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டாவில், நீதியை யாருக்கும் விற்க மாட்டோம், மறுக்க மாட்டோம், தாமதிக்க மாட்டோம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லும் வரி ஒன்று உண்டு. அதை எழுதியவர்கள் ஏழைகளை நினைத்து எழுதவில்லை என்றாலும், மூன்றும் ஒன்றே என்பதை அவர்கள் கண்டிருந்தார்கள்.

ஆகவே ஒரு சீர்திருத்தத்தை எடைபோட நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: வழக்குத் தொடங்கியதிலிருந்து முடியும்வரை ஏழைக் கட்சிக்காரர் எத்தனை முறை வந்தார், வந்த நாட்களில் எத்தனை நாள் ஏதாவது நடந்தது? ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் விசாரணையை ஒத்திவைக்கக் கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 17ஆம் கட்டளையில் விதியே இருக்கிறது. அது தவிர்க்க இயலாத சூழல்களில் தளர்த்தத்தக்கது என்று உச்ச நீதிமன்றம் 2005இல் விளக்கியது. நடைமுறையில் தவிர்க்க இயலாத சூழல் வாரந்தோறும் வந்துவிடுகிறது. ஒத்திவைப்பைக் கேட்பவர், எதிர்த்தரப்பின் அன்றைய கூலியையும் பயணச் செலவையும் அன்றே நீதிமன்றத்தில் கட்ட வேண்டும் என்பதை உறுதியாகச் செயல்படுத்தினாலே பாதி மனுக்கள் எழுதப்படாமல் போகும். அதேபோல, எழுபது வழக்குகளின் கட்சிக்காரர்களையும் காலை பத்தரை மணிக்கே வரச் சொல்லாமல், வழக்குக்கு ஒரு நேரம் குறித்துக் கொடுக்கலாம். இதற்குப் புதிய நீதிபதிகள் தேவையில்லை.

கேள்வி: என் தம்பி மேல் குற்ற வழக்கு வந்தபோது, இலவச வழக்கறிஞர் அரைமனதோடுதான் வாதாடுவார் என்று எல்லோரும் பயமுறுத்தியதால், கடன் வாங்கித் தனியாக வழக்கறிஞர் வைத்தோம். கடன் இன்னும் அடையவில்லை. நாங்கள் செய்தது சரியா? (வீட்டு வேலை செய்யும் சகோதரி ஒருவர்)

பதில்: உங்கள் பயம் ஆதாரமற்றது என்று சொல்ல மாட்டேன் அம்மா. ஆனால் கடன் வாங்குவதற்கு முன் உங்களுக்கு இருந்த உரிமையை யாராவது விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். காவலில் இருக்கும் எவருக்கும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே இலவச சட்ட உதவி தர வேண்டும் என்கிறது 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் கேட்கவில்லை என்பதைக் காரணம் காட்டி இந்த உதவியை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1986இல், அருணாசலப் பிரதேசத்திலிருந்து வந்த சுக் தாஸ் வழக்கில் தீர்ப்பளித்து, வழக்கறிஞர் இல்லாமல் நடந்த விசாரணையில் கிடைத்த தண்டனையையும் ரத்து செய்தது. தெரியாதவர் எப்படிக் கேட்பார் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

வழக்கறிஞர் இருப்பதும் இல்லாததும் எவ்வளவு வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு அமெரிக்காவின் கிடியன் வழக்கைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. 1961இல் புளோரிடா மாநிலத்தில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தை உடைத்துப் புகுந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன், தமக்கு வழக்கறிஞர் வேண்டும் என்று கேட்டார். மரண தண்டனைக்குரிய வழக்குகளில் மட்டுமே அரசு வழக்கறிஞரை அமர்த்தித் தரும் என்று சொல்லி நீதிபதி மறுத்துவிட்டார். அவரே தமக்காக வாதாடினார். ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. சிறையிலிருந்து பென்சிலால் எழுதி அவர் அனுப்பிய மனுவை ஏற்ற அமெரிக்க உச்ச நீதிமன்றம், கடுங்குற்ற வழக்குகளில் வசதியற்றவருக்கு வழக்கறிஞரை அமர்த்தித் தருவது மாநிலங்களின் கடமை என்று 1963இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நமக்கு முக்கியமானது அதற்குப் பிறகு நடந்தது. அதே குற்றச்சாட்டில் மறுபடி விசாரணை நடந்தது. இம்முறை அவர் சார்பில் ஒரு வழக்கறிஞர் நின்று முக்கிய சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தார். கிடியன் விடுதலையானார்.

வழக்கறிஞரின் பெயர் பதிவேட்டில் இருந்தால் போதுமா என்றால், போதாது. நம் நாட்டிலேயே, மரண தண்டனை விதிக்கப்பட்ட ஒரு வழக்கில், சட்ட உதவி வழக்கறிஞர் நியமிக்கப்பட்ட அன்றே குற்றச்சாட்டும் வனையப்பட்டு, முழு விசாரணையும் இரண்டு வாரங்களுக்குள் முடிந்திருந்தது. 2019இல் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பிய உச்ச நீதிமன்றம், ஆயுள் தண்டனையோ மரண தண்டனையோ விதிக்கத்தக்க வழக்குகளில் இப்படி அமர்த்தப்படும் வழக்கறிஞருக்குக் குறைந்தது பத்தாண்டு அனுபவம் இருக்க வேண்டும் என்றும், தயாராவதற்கு ஏழு நாட்களாவது தர வேண்டும் என்றும் நெறிப்படுத்தியது. வேகமே நீதி என்று நினைப்பவர்கள் இந்த வழக்கை ஒரு முறை படிக்க வேண்டும்.

அரைமனது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் ஊதிய முறையிலிருந்துதான். வழக்குக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையை, அதையும் மாதக்கணக்கில் தாமதித்துக் கொடுத்தால், நல்ல வழக்கறிஞர்கள் பட்டியலில் பெயர் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தவர்களும் தம் சொந்தக் கட்சிக்காரர்களின் வேலை முடிந்த பிறகே இந்த வழக்குக் கட்டைப் பிரிப்பார்கள். தென்னாப்பிரிக்கா இதை உணர்ந்து, தனியாரிடம் வழக்கை ஒப்படைத்துக் கட்டணம் தருவதைக் குறைத்து, மாதச் சம்பளம் பெறும் முழுநேர வழக்கறிஞர்களைக் கொண்ட அலுவலகங்களை நாடெங்கும் அமைத்தது. இந்தியாவிலும் 2022 முதல், குற்ற வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக மட்டுமே முழுநேரம் பணியாற்றும் சட்ட உதவி வழக்கறிஞர் முறை மாவட்டந்தோறும் கொண்டுவரப்படுகிறது. ஒருவர் தலையில் எத்தனை வழக்குகளைக் கட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தே இதன் தரம் அமையும்.

நீங்கள் இன்று செய்யக்கூடியது: தம்பியின் வழக்கு முடியவில்லை என்றால், எஞ்சிய கட்டத்துக்காவது மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு மனு கொடுக்கலாம். மனு வாய்மொழியாகவும் இருக்கலாம். நியமிக்கப்பட்டவர் வழக்கைக் கவனிக்கவில்லை என்றால், காரணத்தைச் சொல்லி வேறொருவரைக் கேட்கவும் உங்களுக்கு வழி உண்டு.

கேள்வி: ஜாமீன் கிடைத்த பிறகும் பலர் சிறையிலேயே இருப்பதாகப் படித்தேன். உத்தரவு வந்த பிறகு எப்படி உள்ளே வைத்திருக்க முடியும்? (சட்டக் கல்லூரி மாணவி)

பதில்: உத்தரவில் ஒரு நிபந்தனை இருக்கும்; அந்த நிபந்தனைக்கு ஒரு விலை இருக்கும். மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோதி ராம் என்ற ஏழைக் கொத்தனாருக்கு ஜாமீன் கிடைத்தது. கீழ் நீதிமன்றம் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டது. அவருடைய சகோதரர் பிணை நிற்க முன்வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். 1978இல் அந்த வழக்கைத் தீர்த்த உச்ச நீதிமன்றம், நீதிபதி கிருஷ்ணய்யரின் தீர்ப்பின் வழி, 1,000 ரூபாய்க்கான அவருடைய சொந்தப் பிணையிலேயே அவரை விடுவிக்கச் சொன்னது. அடுத்த ஆண்டு, பிகார் சிறைகளில் தங்கள் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனைக் காலத்தைவிட நீண்ட நாட்கள் விசாரணையே இல்லாமல் அடைபட்டுக் கிடந்தவர்களைப் பற்றிய ஹுசைனாரா காத்தூன் வழக்கு வந்தது. விரைவான விசாரணை அரசமைப்பின் 21ஆவது உறுப்பு தரும் உயிர், தனிமனித சுதந்திர உரிமையின் பகுதி என்று அதில்தான் சொல்லப்பட்டது.

அதற்குப் பிறகு கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. இந்தியச் சிறைகளில் இருப்போரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் இன்றும் விசாரணைக் கைதிகளே. இப்போதைய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு, முன்பு எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவர் அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கையும், மற்றவர் பாதியையும் விசாரணைக் காவலிலேயே கழித்துவிட்டால் விடுவிக்கச் சொல்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களும், ஒருவர் மேல் பல வழக்குகள் நிலுவையில் இருக்கும் நிலையும் இதற்கு விலக்கு. ஜாமீன் கிடைத்து ஏழு நாட்களாகியும் ஒருவர் வெளியே வரவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், ஒரு மாதத்துக்குள் பிணை கொடுக்க முடியவில்லை என்றால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி யோசிக்கலாம் என்றும் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. நீங்கள் சட்ட மாணவி என்பதால் ஒன்று சொல்கிறேன்: உங்கள் கல்லூரியின் சட்ட உதவி மையம் அருகிலுள்ள சிறைக்குப் போய், ஏழு நாள் கடந்தவர்களின் பட்டியல் பராமரிக்கப்படுகிறதா என்று கேட்டு வந்தால், அது பத்துக் கருத்தரங்குகளைவிடப் பயனுள்ள வேலை.

கேள்வி: விபத்து இழப்பீட்டு வழக்கில் மக்கள் நீதிமன்றத்துக்குப் போய்ச் சமரசம் செய்துகொள்ளும்படி வற்புறுத்துகிறார்கள். கேட்டதில் பாதிகூட வராது போலிருக்கிறது. இது நீதியா, வழக்கைக் கழித்துவிடும் வழியா? (விபத்தில் காலை இழந்த வாசகர்)

பதில்: இரண்டாகவும் இருக்கக்கூடியது என்பதே இதன் சிக்கல்.

லோக் அதாலத் எனப்படும் மக்கள் நீதிமன்றத்தின் நன்மைகள் உண்மையானவை. கட்டணம் இல்லை, நிலுவையில் உள்ள வழக்கில் ஏற்கெனவே கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். மேல்முறையீடு இல்லாததால் எதிர்த்தரப்பு உயர் நீதிமன்றம் போய் இன்னும் பத்தாண்டு இழுக்க முடியாது. தொகை சிறியதாகவும், பொறுப்பு யாருடையது என்பதில் தகராறு இல்லாததாகவும் உள்ள வழக்குகளில் நானே என் கட்சிக்காரர்களை அங்கே போகச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் மேல்முறையீடு இல்லை என்பது இருபுறமும் வெட்டும் கத்தி. கையெழுத்திட்ட பிறகு தொகை குறைவு என்று எங்கும் போய் முறையிட முடியாது. அந்தக் கையெழுத்து சுதந்திரமானதாக இருக்க வேண்டும் என்பதால்தான், மக்கள் நீதிமன்றத்துக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரமே கிடையாது, இருதரப்பும் ஒப்புக்கொண்டதைப் பதிவுசெய்வது மட்டுமே அதன் வேலை என்று 2008ஆம் ஆண்டின் ஜலோர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொன்னது. போக்குவரத்து, மின்சாரம் போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கான நிரந்தர மக்கள் நீதிமன்றம் மட்டும் இதற்கு விதிவிலக்கு. சமரசம் ஏற்படாதபோது அது தானே தீர்மானிக்கலாம். எனவே உங்களை யாரும் ‘வற்புறுத்த’ முடியாது. வேண்டாம் என்று சொன்னால் வழக்கு பழைய நீதிமன்றத்துக்கே திரும்பும். மறுத்ததற்காக அங்கே உங்களுக்கு எந்தக் குறையும் வராது, வரக் கூடாது.

என் உண்மையான கவலை வேறு. பத்தாண்டு காத்திருக்க வசதி உள்ளவர் சமரசம் பேசும்போது, தமக்கு நியாயமாக வர வேண்டியதை மனத்தில் வைத்துப் பேசுகிறார். காத்திருக்க வசதி இல்லாதவரோ, அடுத்த மாத வாடகையை மனத்தில் வைத்துப் பேசுகிறார். நீதிமன்றத் தாமதமே எதிர்த்தரப்பின் கையில் பேரம் பேசும் கருவியாகிவிடுகிறது; தள்ளுபடி கொடுப்பவர் எப்போதும் ஏழைதான். ஒரே நாளில் இத்தனை லட்சம் வழக்குகள் தீர்க்கப்பட்டன என்ற அறிவிப்பைப் பார்க்கும்போதெல்லாம், அவற்றில் எத்தனை பேர் தமக்கு உரியதில் எவ்வளவு விட்டுக்கொடுத்தார்கள் என்ற கணக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தோன்றும். அந்தக் கணக்கை வெளியிடும் வழக்கம் இல்லை.

இது நம் நாட்டுப் பிரச்சினை மட்டுமன்று. பிலிப்பைன்ஸ் நாட்டில் 1978 முதல், ஒரே சிற்றூர் எல்லைக்குள் வாழ்பவர்களின் பல சச்சரவுகள் நீதிமன்றத்துக்குப் போகும் முன் ஊர்மட்டச் சமரசக் குழுவைக் கடந்தாக வேண்டும். பயணமும் செலவும் மிச்சமாகின்றன என்பது உண்மை. ஊரில் செல்வாக்குள்ளவருக்கு எதிராக எளியவர் வந்தால் அந்தக் குழு எந்தப் பக்கம் சாயும் என்ற கேள்வியும் உண்மை. குடும்ப வன்முறை போன்றவற்றைச் சமரசத்துக்கு அனுப்புவதை நான் ஆதரிப்பதில்லை. அங்கே விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

நீங்கள் கையெழுத்திடும் முன், உங்கள் வயது, வருமானம், ஊனத்தின் சதவீதம் ஆகியவற்றை வைத்துத் தீர்ப்பாயம் வழக்கமாக எந்த முறையில் கணக்கிடும் என்பதை வழக்கறிஞரிடம் எழுதி வாங்குங்கள். பேசப்படும் தொகையை அதோடு ஒப்பிடுங்கள். எத்தனை நாட்களுக்குள் பணம் வரும், தவறினால் வட்டி என்ன என்பது உத்தரவிலேயே இருக்கட்டும். அன்றே முடிவெடுக்க வேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினால், அந்த அவசரம் யாருடையது என்று பாருங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் இணையவழியாக்கிவிட்டால் அலைச்சலே இருக்காதே? (மென்பொருள் துறை வாசகர்)

பதில்: அலைச்சல் குறையும், யாருக்குக் குறையும் என்பது அமைப்பைப் பொறுத்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2016இல் தொடங்கிய உரிமையியல் தீர்ப்பாயம், அடுத்த ஆண்டு முதல் 5,000 டாலர் வரையிலான சிறு தொகை வழக்குகளை இணையம் வழியாகவே முடித்துவைக்கிறது. வழக்கறிஞர் இல்லாமல் கட்சிக்காரரே நடத்தும்படி அது அமைக்கப்பட்டிருக்கிறது. மனு கொடுப்பதற்கு முன்பே, எளிய மொழியில் கேள்விகள் கேட்டு, உங்கள் பிரச்சினைக்குச் சட்டத்தில் என்ன வழி என்று அது சொல்லித் தருகிறது. இணையம் வராதவருக்கு வேறு வழியும் வைத்திருக்கிறது. அதன் வெற்றிக்குக் காரணம் கணினியைவிட அந்த எளிய மொழிதான் என்பது என் எண்ணம். பழைய படிவத்தை அப்படியே திரையில் ஏற்றி, கடவுச்சொல்லும் ஸ்கேன் செய்த ஆவணமும் கேட்டால், ஏழை நீதிமன்றத்துக்கு நடப்பதற்குப் பதில் கணினி மையத்துக்கு நடப்பார். அங்கேயும் ஒரு கட்டணம் இருக்கும். கென்யாவின் சிறு கோரிக்கை நீதிமன்றங்கள் இன்னொரு வழியைக் காட்டுகின்றன. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2021இல் செயல்படத் தொடங்கிய அவை, வழக்கை 60 நாட்களுக்குள் முடிக்கக் கடமைப்பட்டவை. சாட்சிய விதிகளின் கெடுபிடியும் அங்கே குறைவு. நடைமுறையை எளிதாக்கிய பிறகு இணையத்தில் ஏற்றுங்கள் என்பதே உங்கள் துறையினரிடம் என் வேண்டுகோள்.

கேள்வி: வழக்கறிஞர் அல்லாதவர்கள் ஏழைகளுக்குச் சட்ட உதவி செய்வது ஆபத்தில்லையா? எங்கள் பகுதியில் நீதிமன்ற வாசலிலேயே தரகர்கள் நிற்கிறார்கள். (தொழிற்சங்க உறுப்பினர்)

பதில்: தரகர் இருட்டில் பிழைப்பவர், கட்சிக்காரருக்கு எதுவும் தெரியாமல் இருக்கும்வரைதான் அவருக்கு வேலை. பயிற்சி பெற்ற சட்டத் தன்னார்வலர் அந்த இருட்டை நீக்க வருபவர். வேறுபாடு அங்கே இருக்கிறது. ஆப்பிரிக்க நாடான மலாவியில் வழக்கறிஞர்கள் மிகச் சிலரே இருந்த நிலையில், 2000ஆம் ஆண்டு முதல் பயிற்சி பெற்ற சட்ட உதவியாளர்கள் சிறைகளுக்குள் சென்று, ஜாமீன் கேட்பது எப்படி, நீதிபதி முன் என்ன சொல்ல வேண்டும் என்பதைக் கைதிகளையே நடிக்கவைத்துக் கற்றுக்கொடுத்தார்கள். நீதிபதிகள் சிறைக்கே வந்து, காலவரையின்றிக் கிடப்பவர்களின் வழக்குகளைப் பார்க்கும் முகாம் நீதிமன்றங்களும் அங்கே நடந்தன. சியரா லியோன் 2012இல் இயற்றிய சட்ட உதவிச் சட்டத்தில் இத்தகைய உதவியாளர்களுக்குச் சட்ட அங்கீகாரமே கொடுத்தது. கூலி பாக்கி, ஓய்வூதியத் தடை, பட்டாவில் பெயர்ப் பிழை போன்றவற்றில் பெரும்பகுதி சரியான அலுவலகத்தில் சரியான மனு கொடுத்தாலே தீர்ந்துவிடும். அவை நீதிமன்றத்துக்கு வருவதே முன்னால் யாரும் வழிகாட்டாததன் விளைவு. உங்கள் சங்கத்திலிருந்து இருவரை மாவட்ட ஆணைக்குழுவின் பயிற்சிக்கு அனுப்பலாமே.

கேள்வி: மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் பணம் போதாத நாட்டில், சட்ட உதவிக்குச் செலவழிப்பது ஆடம்பரம் இல்லையா? (கணக்காளர் ஒருவர்)

பதில்: நிதிப் பற்றாக்குறையைச் சொல்லி அரசு இந்தக் கடமையிலிருந்து தப்ப முடியாது என்று 1980இல், பிகாரின் பாகல்பூர் கைதிகளின் கத்ரி வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது சட்டத்தின் பதில். கணக்கின் பதிலும் ஒன்று உண்டு. 1949இல் சட்ட உதவிக்கெனத் தனிச் சட்டம் இயற்றிய பிரிட்டன், 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குடும்ப வழக்குகள், கடன், நலத்திட்ட உதவிகள் தொடர்பான பெரும்பாலான விவகாரங்களுக்கான உதவியை நிறுத்தியது. குடும்ப நீதிமன்றங்களில் வழக்கறிஞர் இல்லாமல் தாமே வாதாடுபவர்கள் பெருகினார்கள். எந்த ஆவணம் வேண்டும் என்று தெரியாதவர்களுக்கு நீதிபதியே விளக்கிச் சொல்லி விசாரணையை நடத்த வேண்டியதாயிற்று. மிச்சம் பிடித்த செலவு நீதிமன்ற நேரமாக வேறொரு தலைப்பில் ஏறிக்கொண்டது. விசாரணைக் கைதி ஒருவரைத் தேவையின்றி ஓராண்டு சிறையில் வைத்துச் சாப்பாடு போட ஆகும் செலவையும் உங்கள் பேரேட்டில் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.

கேள்வி: கணவர் இறந்த பிறகு அவருக்கு வர வேண்டிய பணத்துக்காக வழக்குப் போட்டு வெற்றியும் பெற்றேன். தீர்ப்பு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. எதிர்த்தரப்பு ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. இனி யாரிடம் போவது? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், நீதிமன்றச் சீர்திருத்தம் பற்றிய பேச்சுகளில் கடைசியில்கூட இடம்பெறாத விஷயம் இது என்பதுதான். தீர்ப்பு என்பது ஒரு காகிதம். அதைப் பணமாக்க நிறைவேற்று மனு என்ற இன்னொரு வழக்கு வேண்டும். முதல் வழக்கிலேயே கையிருப்பு தீர்ந்துபோன ஏழைகள் பலர் இந்த வாசலில்தான் நின்றுவிடுகிறார்கள். எதிர்த்தரப்பும் அதை எதிர்பார்த்தே காத்திருக்கிறது.

உங்களுக்குக் காலம் கடந்துவிடவில்லை. பணத்துக்கான தீர்ப்பாணையை நிறைவேற்ற மனு போடப் பன்னிரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. எதிர்த்தரப்பின் சொத்து, வங்கிக் கணக்கு, சம்பளம் என எது தெரிந்தாலும் மனுவில் குறிப்பிட்டு ஜப்தி கேட்கலாம். எதுவும் தெரியவில்லை என்றால், தம் சொத்து விவரங்களைப் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய அவருக்கே உத்தரவிடுமாறு கேட்கலாம். நிறைவேற்று மனுவை அது தாக்கலான ஆறு மாதங்களுக்குள் முடிக்க வேண்டும் என்றும், முடியாவிட்டால் காரணத்தை எழுத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்றும் 2021ஆம் ஆண்டின் ராகுல் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டிருக்கிறது. அந்தத் தீர்ப்பை உங்கள் வழக்கறிஞர் மனுவிலேயே குறிப்பிடட்டும்.

நீங்கள் பெண் என்பதால், இந்த மனுவுக்கும் இலவச வழக்கறிஞர் பெற உங்களுக்கு உரிமை உண்டு. வருமானச் சான்று யாராவது கேட்டால் மேலே சொன்ன 12ஆம் பிரிவைக் காட்டுங்கள். தீர்ப்பு, தீர்ப்பாணை ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களை எடுத்துக்கொண்டு வழக்கு நடந்த நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் அலுவலகத்துக்குச் செல்லுங்கள். நகல் கையில் இல்லை என்றால் அதற்கான மனுவையும் அங்கேயே எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். போகும் முன் 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்குத் தொலைபேசியில் பேசி, அலுவலகம் இயங்கும் நேரத்தைத் தெரிந்துகொண்டால் ஒரு நாள் அலைச்சலாவது மிஞ்சும்.